ஏழாவது பாரா

தவமணி, நீ போனதும் கதவைத் தாழ் போட்டேன். பிறகு மறுபடி எழுந்து போய், போட்டேனா என்று இழுத்துப் பார்த்தேன். உனக்குப் பயந்து போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. குழந்தை பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான். சிலிண்டர் போட வருகிறவர் மணி அடித்தால்கூட, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். என் வீட்டுக்காரர் அன்டோ சிரிப்பார். உன் பிள்ளையைத் தூக்கிட்டுப் போக யாருடி வரிசையில நிக்கிறா என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. வந்து உட்கார்ந்தாய், தண்ணீர் குடித்தாய், குழந்தைக்கு எத்தனை மாசம் என்று விசாரித்தாய், ஒன்பது என்றேன். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து அந்தப் பழைய அபிடவிட்டின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாய். ஏழாவது பாராவுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

"எங்கம்மா இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாங்களா அக்கா?"

ஞாபகம் இல்லை என்றேன். பத்து வருஷம் ஆகிவிட்டது, எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தோம் என்றேன். எத்தனையோ பேரெல்லாம் இல்லை. அந்தக் கோடையில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே எழுதியது அந்த ஒன்றுதான். அதில் ஒரு பாராவை இப்போதும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வாயால் சொல்ல வராது, எழுதினால்தான் வரும். தூத்துக்குடியில் நான் படித்த கான்வென்ட் போர்டிங்கில், படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் ஆத்தும சோதனை உண்டு. இன்றைக்கு யாருக்கு என்ன தப்புச் செய்தாய் என்று யோசி, முடிந்தால் எழுது என்பார்கள் சிஸ்டர்கள். மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். நான் எழுதுவேன், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். அதற்காகவே என் நோட்டை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவார் சிஸ்டர். தப்பை எழுதினதற்குப் பாராட்டு வாங்கிய பிள்ளை நான். இப்போது குழந்தையும் அன்டோவும் தூங்குகிறார்கள். நான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் நான் திருநெல்வேலியில் சட்டம் நாலாம் வருஷம் முடித்திருந்தேன். மே மாத லீவுக்கு எங்கேயாவது இன்டர்ன்ஷிப் போக வேண்டும். கூடப் படித்தவர்கள் கம்பெனி கேஸ் பார்க்கிற பெரிய வக்கீல்களிடம் போனார்கள். நான் மதுரையில் இருதயராஜ் சார் ஆபீஸுக்குப் போனேன். மனித உரிமை வழக்குகள், முக்கால்வாசி இலங்கையிலிருந்து வந்து அகதி கேம்பில் இருக்கிறவர்களுடையது. யாருக்குக் குடியுரிமை கேட்கலாம், யாருக்கு என்ன காகிதம் வேண்டும், அரசாங்கத்தின் கொள்கை என்ன சொல்கிறது என்று கட்டுக்கட்டாகப் படிக்கவேண்டிய வேலை. நல்ல வேலை, புண்ணியமான வேலை என்று நினைத்துத்தான் போனேன். அதை நீ நம்ப வேண்டும்.

ஆபீஸ் மாடியில். கீழே ஜெராக்ஸ் கடை. மேலே இருக்கிற ஒரே மின்விசிறியும் சாரின் தலைக்கு மேல்தான் சுற்றும். எனக்குக் கொடுத்த வேலை இது. வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள். நான் கேட்டு, ஆங்கிலத்தில் அபிடவிட் எழுத வேண்டும். குமாஸ்தா பிச்சை அண்ணன் டைப் செய்து தருவார். பிறகு அதைச் சொன்னவர்களுக்கே தமிழில் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும். இதிலுள்ளதை மனுதாரருக்குத் தமிழில் முழுமையாகப் படித்துக் காட்டினேன், அவர் புரிந்துகொண்டு சரியென ஒப்புக்கொண்டு என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று. அதற்குக் கீழே படித்துக் காட்டியவர் கையெழுத்து. அதுதான் என் கையெழுத்து. நீ காட்டினாயே, அழகாக, ஜெ. ஜெஸிந்தா என்று.

முதல் நாளே சார் சொன்னார். ஒவ்வொரு பாரா முடிந்ததும் தலையைத் தூக்கி அவர்கள் முகத்தைப் பார், தலையாட்டுகிற வரை அடுத்ததுக்குப் போகாதே என்றார். "அவங்க வாழ்க்கைம்மா அது. நம்ம இங்கிலீஷ்ல மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார். நான் அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.

உன் அம்மா மாரியாயி மூன்று நாள் வந்தார். கேம்பிலிருந்து இரண்டு பஸ் மாறி. உன்னையும் கூட்டிக்கொண்டு. உனக்கு எட்டு வயது, ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மேஜைக்குக் கீழே உட்கார்ந்து, கிழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கம் எல்லாம் படகு வரைவாய். பேர் என்ன என்று கேட்டால் மெதுவாகச் சொல்வாய். பள்ளிக்கூடத்தில் கிழவிப் பேர் என்று கேலி செய்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னார். அது செத்துப்போன அவர் தங்கச்சியின் பேர்.

உன் அம்மாவின் கேஸ் எளிதான கேஸ் என்று சாரே சொன்னார். அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே பிறந்து வளர்ந்தவர்களை அந்த நாடும் எங்கள் ஆள் இல்லை என்றது, இந்த நாடும் அப்புறம் பார்க்கலாம் என்றது. பிறகு இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேரை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று இந்தியா சொன்னது. அந்தக் காலத்தில் அவர் அப்பாவுக்குக் கொடுத்த காகிதத்தை உன் அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனபோதும், வன்னியை விட்டுப் படகேறியபோதும் அது கூடவே வந்தது. அந்தக் காகிதம் போதும், தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்றார் சார்.

தாய்க்கும் பிள்ளைக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் உன் அம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்திருந்தார். ஹாஸ்டல் சோறு தின்னு மெலிஞ்சிட்டீங்க புள்ள என்று எனக்கும் வைத்தார். நீ சாப்பிட்டுவிட்டு பெஞ்சில் தூங்கிப் போனாய். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், தவமணி எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தாள், அந்தச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று. அபிடவிட்டில் அந்த ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் திறந்து கிடந்த என் பேனாவின் மூடியை எடுத்து, பேனாவை மூடி, நோட்டுக்கு மேல் வைத்தார். மை காய்ந்துவிடும் என்று மூடுகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு சொன்னார். படகுக்காரன் பயந்து, பாதி வழியில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பதினோரு பேர். இரண்டு பகல். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது, கைக்குழந்தையோடு காய்ச்சலில் கிடந்தாள். பேர் சொன்னாளாம், உன் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தையைத் தூக்கி உன் அம்மா மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. மணலிலேயே கையால் பள்ளம் தோண்டி வைத்தார்கள். மீன்பிடிக்க வந்த படகு ஒன்று எல்லோரையும் கரை சேர்த்தது. கரையில் பேர் எழுதுகிற அதிகாரி தலையைத் தூக்காமல், உன் பிள்ளையா என்று கேட்டார். உன் அம்மா ஆமா என்றார். பேர் என்ன என்று கேட்டார். வாயில் வந்த பேரைச் சொன்னார்.

"அந்த ஆமாவ நான் யோசிச்சுச் சொல்லல புள்ள. அதுக்கப்புறம் ஒரு நாளும் மாத்திச் சொல்லணும்னு தோணவும் இல்ல" என்றார்.

நீ பெஞ்சில் புரண்டு படுத்தாய். உன் அம்மா எழுந்து, உன் கால்மேல் முந்தானையைப் போட்டுவிட்டு வந்தார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்பதை அன்றைக்கு எத்தனை தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா. அதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்காமல் இல்லை.

எழுதாதே என்று அவர் வாயால் சொல்லவில்லை. பத்து வருஷமாக இதையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய் அதை எழுதினேன். ஏன் என்று கேட்பாய். இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்குமுன் மூன்று நாள் பயிலரங்கு நடத்தினார்கள். டெல்லியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். சட்டப் பிரிவை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நீதிபதி கோப்பை மூடி வைத்த பிறகும் அவருக்கு மறக்காத ஒரு பாரா வேண்டும், அதைத் தேடுங்கள் என்றார். எனக்கு அது கிடைத்துவிட்டது. ஒரு பெண், முன்பின் தெரியாத ஒரு குழந்தையைக் கடலிலிருந்து காப்பாற்றி வளர்க்கிறாள். இதைப் படித்தால் எந்த அதிகாரிக்கு மனம் இரங்காது? மனித உரிமை என்றால் இதுதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு நடந்திருக்கிறது. நான் உண்மையைச் சொல்லி மிட்டாய் வாங்கியவள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதவேண்டுமே. அது நல்ல ஆங்கிலம், தவமணி. கான்வென்ட்டில் கட்டுரைப் போட்டியில் நான் மூன்று வருஷம் முதல் பரிசு. அந்தப் பாரா அதையெல்லாம்விட நன்றாக வந்தது. அதில் கடல் இருந்தது, நிலா இருந்தது. உன் அம்மா நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலா என்னுடையது.

ஒப்பந்தக் காகிதம் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் செல்லும், வளர்த்த பிள்ளைக்குச் செல்லாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நாலு வருஷம் சட்டம் படித்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாருக்கு அந்த வாரம் இரண்டு கேஸ் வாதம். என் தாள்களைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. படித்துக் காட்டினாயா என்று மட்டும் கேட்டார். காட்டினேன் சார் என்றேன்.

காட்டினேன். ஆறாவது பாரா வரை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, முகத்தைப் பார்த்து, தலையாட்டியதும் அடுத்ததுக்குப் போனேன். தாத்தா ஊர், சரி. அப்பா பேர், சரி. தோட்டத்தின் பேர், சரி. ஆறு முடிந்ததும் எட்டு. உன் அம்மா எட்டுக்கும் தலையாட்டினார். கடைசியில் எழுத்துக் கூட்டி, மா-ரி-யா-யி என்று நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, எல்லாம் நான் சொன்னபடிதானே புள்ள என்று கேட்டார். ஆமா என்றேன்.

இதைத்தான் இன்றைக்கு நீ மறுபடி கேட்டபோது சொன்னேன். ஏழாவது பாராவை நான் படிக்கவில்லை, உன் அம்மாவுக்குத் தெரியாது என்று சொன்னேன். சொன்னேன் அல்லவா? அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயே, எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ இவள் பிள்ளை இல்லை என்று எப்படி வாய்விட்டுப் படிப்பேன், உனக்காகத்தான் விட்டேன் என்றும் சொன்னேன்.

அன்டோவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். இரக்கத்தால் செய்த தவறு, கடவுள் புரிந்துகொள்வார் என்றார். பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நீ கோபப்படவில்லை. "நான் அங்க இல்லக்கா" என்றாய். "அந்த அண்ணன் என்னைக் கீழ ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

பிறகு உன் கோப்பின் அடியிலிருந்து ஒரு பழைய ஜெராக்ஸ் தாளை எடுத்தாய். மடிப்பில் எல்லாம் மை உதிர்ந்து வெள்ளை விழுந்திருந்தது. நடுவில் ஒரு சின்னக் கை. விரல் ஐந்தும் விரித்து, கண்ணாடிமேல் அழுத்தி வைத்த கை. உன் கை. பிச்சை அண்ணன்தான் விளையாட்டுக்கு எடுத்துக் கொடுத்தார் என்றாய். குழந்தைகள் ஹோமில் இருந்த ஒன்பது வருஷமும் அது தலையணை உறைக்குள் இருந்தது, அம்மாவோடு வெளியே போன கடைசி நாளின் ஞாபகம் அது ஒன்றுதான் என்றாய். கதை சொல்கிற மாதிரிச் சொன்னாய். அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. நான் எழுந்து, பசிக்கிறது போல, இன்னொரு நாள் வாம்மா என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். அதற்கு அரைமணி முன்புதான் பால் குடித்திருந்தாள். நான்தான் அவள் தொடையைக் கிள்ளினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

நீ அங்கே இல்லை. இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதே நான்தான். நீ இருந்தால் ஏழாவதைப் படிக்க முடியாது என்று நினைத்துத்தான் உன்னை அனுப்பினேன். அப்படியென்றால் படிக்கத்தான் நினைத்திருக்கிறேன், இல்லையா? ஆறு முடிந்தது. ஏழுக்கு வந்து முகத்தைப் பார்த்தேன். உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார், அடுத்தது என்ன என்று, நம்பிக்கையாக. படித்தால் வேண்டாம் என்பார், அதை அடித்துவிடு என்பார் என்று தெரிந்தது. நல்லாத் தெரிந்தது. அடித்துவிட்டால் அந்தப் பாரா போய்விடும். அதில் மிஞ்சுவது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய மீதி.

அதனால் எட்டுக்குப் போனேன்.

இதற்கு முன்னால் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை.

மே முடிந்து எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த வரைவுத் திறன் என்று அதில் இருக்கிறது. ஆகஸ்டில் சார் போன் செய்தார். உத்தரவு வந்துவிட்டது என்றார். மனுதாரரே சத்தியப் பிரமாணத்தில் ஒப்புக்கொண்டுள்ளபடி சிறுமி அவருடைய மகள் அல்ல என்று அதில் இருந்ததாம். கேம்ப் பதிவேட்டில் உன் பேரை அடித்து, பாதுகாவலர் இல்லாத குழந்தை என்று ஹோமுக்கு அனுப்பிவிட்டார்கள். சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். "நிஜமாவே படிச்சுக் காட்டினியாம்மா? காட்டலைன்னா இப்பவே சொல்லு, ஒரு மனு போட்டுத் திருத்திரலாம்" என்றார்.

காட்டினேன் சார் என்றேன்.

உன் ஒன்பது வருஷம் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது. அந்த மே மாதத்தில் இல்லை. சார் இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் உன்னோடு கிளம்பி வந்திருப்பார்.

நீ இன்றைக்குச் சொன்னதையெல்லாம் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். உன் அம்மா, படகில் கூட வந்த பக்கத்து வீட்டு ஞானம்தான் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் கேம்பில் அவருக்கு இருந்த ஒரே துணை அவள். அவருக்கு மட்டும் குடியுரிமை தருவதாகவும் எழுதிக் கொடுக்கும்படியும் அதிகாரிகள் சொன்னபோது, பிள்ளை இல்லாமல் எனக்கு எதற்கு நாடு என்று மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. ரேஷன் படிவத்தில்கூட. உனக்குப் பன்னிரண்டு வயதில் ஹோமில் யாரோ ஒரு வார்டன் அந்த உத்தரவை உனக்குப் படித்துக் காட்டினாள். உங்கம்மாவே எழுதிக் கொடுத்திருக்கா பாரு என்று. அவள் ஒழுங்காகப் படித்துக் காட்டியிருக்கிறாள், ஒரு வரி விடாமல். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வந்த உன் அம்மாவை நீ பார்க்க வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, ரொட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். நீ அதைத் தின்னமாட்டாய்.

பதினான்கு வயதில் நீயாகவே போய் அவர் மடியில் படுத்தாய். ஏன் என்று உன் அம்மா கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போது பதினெட்டு முடிந்து ஹோமை விட்டு வெளியே வந்துவிட்டாய். கேம்பில் அவரோடு தங்கவேண்டும் என்றால் நீ வெளி ஆள் என்கிறார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை கேஸ். அந்தப் பாரா படித்துக் காட்டப்படவில்லை என்று நான் ஓர் அபிடவிட் கொடுத்தால், பழைய பதிவேட்டில் உன் பேரைத் திரும்ப எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்று உன் வக்கீலம்மா சொல்கிறார். கேஸ் தோற்றாலும் பரவாயில்லை அக்கா, எனக்கு அந்த ஒண்ணு மட்டும் தெரியணும் என்றாய்.

தெரிந்துகொள். உன் அம்மாவுக்குத் தெரியாது. உன் அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடுவாயா என்றால், பயமாக இருக்கிறது. நீதிபதித் தேர்வில் நான் எழுத்தும் நேர்முகமும் தாண்டிவிட்டேன். இப்போது சான்றிதழ்கள் சரிபார்க்கிறார்கள். பொய்யாகச் சான்று எழுதினேன் என்று நானே சத்தியம் செய்து கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்டோவிடம் நீ வந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் பதினெட்டு ஆயிடுச்சே, இனிமே யார் எங்க அனுப்பப் போறா, நம்ம பிள்ளையப் பாரு என்றார். நம் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் மாணவிதானே, பொறுப்பு வக்கீலுடையது என்று எழுதிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். செத்துப்போனவர் வந்து மறுக்கப் போவதில்லை. இரண்டு வரி அப்படி எழுதியும் பார்த்தேன். வழக்கம்போல நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

பிறகு நீ விட்டுவிட்டுப் போன நகலை எடுத்தேன். ஏழாவது பாராவைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்காவது ஒரு தடவை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். தமிழில் நிலா நிற்கவில்லை, கடலும் நிற்கவில்லை. எல்லாம் போய்க் கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது. இவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. அவ்வளவுதான். அந்த ஒன்றரைப் பக்க அழகும் அவ்வளவுதான்.

அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு தாய் சொல்கிற மாதிரி. என் பிள்ளை பக்கத்தில் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்து, தொடையில் நான் கிள்ளிய இடம் இன்னும் சிவந்துதான் இருந்தது. இவள் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தேன். சொல்லிவிட்டால் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல இருந்தது. எழுந்து போய்த் தாழைப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்னால் ஒரு தடவை சொல்ல முடியாததை உன் அம்மா நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுச் சொன்னதாக ஆக்கிவிட்டேன்.

என் அபிடவிட்டை எழுதிவிட்டேன், தவமணி. தமிழில்தான் எழுதினேன். இரண்டு பக்கம்கூட இல்லை. நீ கீழே ஜெராக்ஸ் கடையில் இருந்தாய் என்பதையும், உன்னை அனுப்பியது நான் என்பதையும், சார் கேட்டபோது இரண்டு தடவை பொய் சொன்னேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். அங்கங்கே அடித்தல் இருக்கிறது. திருத்தி எழுதப் போவதில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அன்டோ எழுந்து இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று இப்போதும் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதனால் நாளைக்கே வந்துவிடு. நான் மனம் மாறுகிறவள் என்பது உனக்கே தெரியும்.

வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. மத்தியானம் வாருங்கள், அம்மா சாப்பிட்ட பிறகு. இதை அவருக்கு நான் படித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பாராவாக, அவர் முகத்தைப் பார்த்து. அதற்கு முன்னால் அந்தப் பழைய ஏழாவதையும். எப்படியாவது சொல்லிவிடுகிறேன். அப்போது நீ கீழே எங்கேயும் போகவேண்டாம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்.

என் பேனாவைத் திறந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறேன். எந்த இடத்தில் அவர் அதை எடுத்து மூடுகிறாரோ, அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.